மணியில் ஒட்டிய மஞ்சள்: செங்கொடிவேலி வேர் வளர்ப்பில் நுண்துளை ரெசின், பினாங்கில் ஒரு நிகழ்வு ஆய்வு

லெபோ பசாரில் மருந்துச் சரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் மூன்று பிளாஸ்டிக் பைகளோடு எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். மூன்றிலும் கொடிவேலி வேர். மூன்றும் தமிழ்நாட்டுச் சரக்கு, வெவ்வேறு மாதங்களில் வந்து இறங்கியவை. முதல் பையில் இருந்ததை முறித்தால் உள்ளே மஞ்சள் ஓடியது, நெடி மூக்கில் ஏறியது. இரண்டாவது சுமார். மூன்றாவது வெறும் விறகு.

"ஒரே பேரு, ஒரே வெல. ஆனா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல தம்பி. நீங்கதான் போத்தல்ல செடி வளர்க்கிறீங்களே, இந்த வேர மட்டும் வளர்த்துக் கொடுக்க முடியுமா?"

எங்களுக்குச் சோறு போடுவது திசு வளர்ப்பில் எடுக்கும் ஆர்க்கிட் நாற்றும் வாழைக் கன்றும். பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு கடைவீட்டு மாடி. குடுவைகளை ஆட்டிக்கொண்டே இருக்கும் ஷேக்கர் இரண்டு, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் ஒன்று, கிருமியில்லாக் காற்று வீசும் லேமினார் மேசை ஒன்று, நான், பதினைந்து வருடமாகக் குடுவை கழுவி, திசு வெட்டி, எங்கள் எல்லாரையும் விடக் கை தேர்ந்த ஓர் அக்கா. இலையும் தண்டும் இல்லாமல் வேரை மட்டும் வளர்ப்பது எங்களுக்குப் புதிது. ஆனாலும் ஒப்புக்கொண்டோம். எட்டு மாதம் ஓடியது. அதில் நடந்ததைத் தவறுகளோடு சேர்த்தே எழுதுகிறேன். இந்த வேலையில் சரியாக வந்த நாட்களை விடத் தப்பாகிப்போன நாட்களில்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

செடியும் அதன் சரக்கும்

கொடிவேலியில் நம் ஆட்களுக்குத் தெரிந்தவை முக்கியமாக இரண்டு. வெள்ளைப் பூ பூப்பது வெண்கொடிவேலி. சித்திரமூலம் என்பதும் இதுவே. சிவப்புப் பூ பூப்பது செங்கொடிவேலி. இரண்டின் வேரிலும் காரத்துக்குக் காரணம் பிளம்பாஜின் என்ற மஞ்சள் பொருள். சிவப்பில் பொதுவாக அதிகம். நாஃப்தோகுயினோன் குடும்பத்தைச் சேர்ந்தது. பச்சை வேரை அரைத்துத் தோலில் வைத்தால் கொப்புளம் போடும். நச்சுப் போக்கும் சுத்தி முறையைச் செய்யாமல் சித்த மருந்தில் சேர்ப்பதில்லை, கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. வேரைத் தோண்டினால் செடி போய்விடும்; அதுவும் நன்றாக முதிர்ந்த செடியாக இருக்க வேண்டும். சந்தையில் கலப்படமும் இளவேரும் நடமாட இதுதான் காரணம்.

ஒரு கிளைச் செய்தி: கொடிமலையில் ஏறினால் பாதையோரம் தென்படும் குடுவைச் செடிகள், மலாய்க்காரர்கள் பெரியோக் கெரா என்பார்களே, அந்த இனத்திலும் பிளம்பாஜின் உண்டு. பூச்சி தின்னும் செடிக்கும் நம் மருந்துச் செடிக்கும் ஒரே ஆயுதம்.

பிளம்பாஜினைப் பற்றி மூன்று குணங்களை மனத்தில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு நடந்தது விளங்கும். தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும், எண்ணெய்த்தன்மை உள்ள பரப்பைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். சூட்டில் ஆவியாகும், 80 டிகிரி செல்சியஸை எட்டுவதற்குள்ளாகவே உருகிவிடும் பொருள் அது. கடைசியாக, தன்னை உண்டாக்கும் செல்லுக்கே அது நஞ்சு.

கறக்காத மாடு

வேர் வளர்ப்பு என்பது பெரிய மாயம் இல்லை. கிருமி நீக்கிய இலைத் துண்டை, ஆக்சின் என்ற செடி ஹார்மோன் கலந்த ஊடகத்தில், அதாவது வளர்ப்புச் சத்துக் கலவையில், வைத்தால் வெட்டுவாயில் வேர் முளைக்கும். அந்த வேர் நுனிகளைக் கத்தரித்துத் திரவ ஊடகத்தில் போட்டு இருட்டில் ஆட்டிக்கொண்டே இருந்தால் நூல்கண்டு போல வளரும். ரைசோபியம் ரைசோஜீன்ஸ் என்ற பாக்டீரியாவைத் தொற்றவைத்து ரோம வேர் எடுப்பது இன்னொரு வழி. அந்தப் பாக்டீரியா தன் மரபணுத் துண்டொன்றைச் செல்லுக்குள் செருகிவிடுவதால் ஹார்மோனே கொடுக்காமல் வேர் தழைக்கும். நாங்கள் முதல் வழியைத் தேர்ந்தோம். காம்போர்க் பி5 ஊடகம், 3 சதவீதம் சர்க்கரை, கொஞ்சம் என்.ஏ.ஏ. என்ற ஆக்சின், 250 மில்லி குடுவையில் 50 மில்லி. அந்த என்.ஏ.ஏ.தான் பின்னால் எங்களை ஏமாற்றியது.

வேர் வளர்ந்தது. ஆனால் பிளம்பாஜின் ஓர் அளவுக்கு மேல் ஏறவில்லை. இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. செல்லுக்குள் பொருள் சேரச் சேர, அதை உண்டாக்கும் பாதை தானாக மந்தமாகிவிடும். வெளியே கசிந்ததும் ஊடகத்தில் சும்மா இருக்காது. சிதையும், ஆவியாகும், திரும்ப வேரையே சுடும். கடைக்கார அண்ணனிடம் இதை விளக்க நான் படம் போட ஆரம்பித்தேன். அவர் காகிதத்தைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "எங்க தாத்தா பட்டர்வொர்த்துல மாடு வச்சிருந்தாரு. கறக்காம விட்டா மடி வத்திடும். கறக்கக் கறக்க ஊறும். அதுதானே?"

அதேதான். கறப்பதற்கு ஒரு கை வேண்டும். அந்தக் கைதான் நுண்துளை ரெசின். பாலிஸ்டைரீனால் ஆன மணிகள், ரவையைவிடக் கொஞ்சம் பருமன், வெள்ளை நிறம். வெளியே பார்த்தால் வழவழப்பான உருண்டை. உள்ளே முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பொந்துகள். நாங்கள் வாங்கிய ஆம்பர்லைட் எக்ஸ்.ஏ.டி.-4 வகையில் ஒரு கிராமின் உட்பரப்பு சுமார் 750 சதுர மீட்டர். பத்து கிராம் என்றால் ஒரு பந்துத் திடலின் பரப்பு, உள்ளங்கையில். சர்க்கரையும் உப்பும் அந்தப் பரப்பில் தங்காமல் போய்விடும். பிளம்பாஜின் போன்ற எண்ணெய்ச் சார்புள்ளவை ஒட்டிக்கொள்ளும். பஞ்சு தண்ணீரை இழுப்பது போல என்று நினைக்கக்கூடாது. பஞ்சு எதையும் உள்ளே வாங்கும். இங்கே பரப்பில் ஒட்டுவதுதான் வேலை. அதனால்தான் ஆல்கஹால் ஊற்றினால் ஒட்டியதெல்லாம் கழன்று வந்துவிடுகிறது.

முன்னோடிகள் இருந்தார்கள். ஜப்பானில் 2001-இல் ஓஃபியோரைசா பூமிலா ரோம வேர்களில் டயயான் எச்.பி.-20 ரெசினைப் போட்டு, புற்றுநோய் மருந்துகளுக்கு மூலமான காம்ப்டோதெசினை வெளியே வரவழைத்தார்கள். எங்களுக்கு இன்னும் நெருக்கம், எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்லாந்தின் ஹாட்யாயில் இருக்கும் பிரின்ஸ் ஆஃப் சொங்க்லா பல்கலைக்கழகத்தார். நாம் பேசுகிற இதே செங்கொடிவேலி வேரில் இதே எச்.பி.-20-ஐப் போட்டுப் பிளம்பாஜினைக் கூட்டிக் காட்டியவர்கள். பினாங்கிலிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரம். அவர்கள் எழுதியதை இன்னும் ஊன்றிப் படித்திருந்தால் எங்களுக்கு இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். படித்தோம், ஆனால் அவசரமாக. ரெசினை எந்த நாளில் போட்டார்கள் என்ற வரியைக் கண் தாண்டிவிட்டது.

முதல் தொகுதி

ஒன்பது குடுவை. மூன்றில் ரெசின் இல்லை, மூன்றில் கொஞ்சம், மூன்றில் அதிகம். வேர் போட்ட அன்றே ரெசினையும் போட்டோம். சீக்கிரம் போட்டால் அதிகம் கறக்கலாம் என்ற பேராசை.

நான்காம் நாளே ரெசின் குடுவைகளில் வேர் நுனி பழுப்பேறிப் போனது. கிருமி என்று நினைத்து அக்கா நுண்ணோக்கியில் பார்த்தார், ஒன்றும் இல்லை. ஊடகத்தின் பி.எச்., அதாவது புளிப்பு-கார அளவு பார்த்தோம். 5.8-இல் வைத்தது எட்டைத் தாண்டி நின்றது. காரணம் ரெசின் வந்த டப்பாவிலேயே எழுதியிருந்தது. இந்த மணிகளை ஈரமாகத்தான் அனுப்புவார்கள். வழியில் கிருமி வளராமல் இருக்க சோடியம் குளோரைடும் சோடியம் கார்பனேட்டும் ஊறவைத்திருப்பார்கள். நாங்கள் இரண்டு தரம் தண்ணீரில் அலசிவிட்டுப் போட்டிருந்தோம். அரிசி களைவது போல. பொந்துக்குள் இருந்த சோடா கார உப்பு அப்படியே இருந்தது. வேர் ஊடகத்துக்குப் பி.எச்.-ஐத் தாங்கிப் பிடிக்கும் சக்தி அதிகம் கிடையாது, கொஞ்சம் கார்பனேட் போதும்.

சரியான கழுவல் முறை அக்கா கண்டுபிடித்தது என்றே சொல்வேன். முதலில் வடிநீரில் பல தரம், கழுவிய நீரின் பி.எச். நடுநிலைக்கு வரும்வரை. பிறகு மெத்தனாலில் இரவு முழுக்க. பிறகு மெத்தனால் வாசனை துளியும் இல்லாமல் போகும்வரை மறுபடி வடிநீர். இடையில் மணி காய்ந்துவிடக் கூடாது. காய்ந்தால் பொந்துக்குள் காற்று புகுந்து மணி மிதக்கும். தண்ணீர் உள்ளே போகாது. அந்தப் பந்துத் திடல் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். ஒருமுறை வார இறுதியில் வடிகட்டியிலேயே விட்டுப் போய், திங்கட்கிழமை வந்து பார்த்தால் மணிகள் பொரி போல மேலே மிதந்தன. மறுபடி மெத்தனாலில் ஊறவைத்த பிறகுதான் அடியில் இறங்கின.

கழுவிய ரெசினோடு மறுபடி வைத்தோம். இந்த முறை வேர் பழுப்பேறவில்லை. ஆனால் வளரவும் இல்லை. குட்டையாக, கிளை விடாமல், சோம்பிக் கிடந்தது. அதிக ரெசின் போட்ட குடுவையில் இன்னும் மோசம். ரெசின் விஷமோ என்று ஒரு வாரம் குழம்பினோம். பிறகுதான் உறைத்தது: பிளம்பாஜினைக் கவரும் பரப்பு என்.ஏ.ஏ.-வை மட்டும் ஏன் விட்டுவைக்கப் போகிறது? அதுவும் நாஃப்தலீன் வளையம் உள்ள பொருள்தான். வேருக்கு என்று ஊற்றிய ஹார்மோனில் ஒரு பங்கை மணி முதல் நாளே எடுத்துக்கொண்டது. ரோம வேராக இருந்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. அதற்கு வெளி ஹார்மோன் வேண்டாம். நாங்கள் வைத்தது சாதா வேர்.

சில பேர் ரெசினைப் போட்டால் பொருள் கூடும் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். அந்த வரி பாதி உண்மை. மணிக்கு நல்லது கெட்டது தெரியாது. நாம் வேண்டுவதை மட்டும் அது எடுக்க வேண்டுமானால், மற்றது எதுவும் தேவைப்படாத நேரம் பார்த்துத்தான் அதை உள்ளே விட வேண்டும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. மணியைச் சும்மா கொட்டினால் வேர்க் கண்டுக்குள் புகுந்து, வேர்த்தூவியில் சிக்கி, பிரிக்கவே முடியாது. சிமிட்டாவால் ஒவ்வொன்றாக எடுத்த அன்று மாலை அக்கா சொன்னது: "இதுக்குப் பருப்புல கல்லு பொறுக்கப் போகலாம்." மறுநாள் அவரே ஜார்ஜ்டவுனில் சட்டைக்குத் திரை அச்சுப் போடும் கடையிலிருந்து சல்லடைத் துணி வாங்கிவந்தார். மணி வெளியேறாத கண்ணளவு. தீப்பெட்டி அளவு பைகளாக வெட்டி, பிளாஸ்டிக் ஒட்டும் இயந்திரத்தில் மூன்று பக்கம் ஒட்டி, மணியை அளந்து போட்டு நான்காவது பக்கத்தை மூடினார். பார்க்க டீ பொட்டலம் மாதிரி. 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்தும் பிரியவில்லை. பையில் அடைத்தால் ஊடகம் மணியைத் தொடுவது கொஞ்சம் தாமதமாகும் என்பது உண்மைதான். அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொண்டோம்.

இரண்டாம் தொகுதியும் ஒரு தப்புக் கணக்கும்

பதினான்காம் நாள்வரை வேரைச் சும்மா வளரவிட்டோம். அதற்குள் வேர் பெருத்து, ஹார்மோன் செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடித்திருக்கும். பிறகு லேமினார் மேசையில் பையைத் தூக்கி உள்ளே விட்டோம். இருபத்தொன்றாம் நாள் அறுவடை.

குடுவைகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது என் முகம் விழுந்துவிட்டது. ரெசின் இல்லாத குடுவையில் வேர் நல்ல மஞ்சள் பழுப்பு, ஊடகமும் லேசான மஞ்சள். ரெசின் குடுவையில் வேர் வெளுப்பு, ஊடகம் தண்ணீர் போலத் தெளிவு. வேரைக் காயவைத்து, அரைத்து, பிளம்பாஜின் அளவெடுத்தோம். ரெசின் குடுவை வேரில் குறைவாகத்தான் இருந்தது. நான் குறிப்பேட்டில் "பலன் இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

பைகளைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாமே என்று அக்கா மெத்தனாலில் போட்டார். சற்று நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடிக் குவளையில் மெத்தனால் மஞ்சள் தண்ணீராக, ஏறக்குறைய மஞ்சள் நீராட்டுக்குக் கரைத்தது போல நின்றது. பையைச் சிமிட்டாவால் அழுத்த அழுத்த இன்னும் இறங்கியது. அதில் ஒரு துளி எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி சேர்த்தோம். ஊதா. பிளம்பாஜின் இருக்கும் இடத்தில் காரம் பட்டால் வரும் ஊதா. அக்காவின் கையுறையில் சிறு ஓட்டை இருந்திருக்கிறது. ஆட்காட்டி விரல் நுனி இரண்டு நாள் பழுப்பாகவே இருந்தது, கொஞ்சம் எரிச்சலும்.

நாங்கள் வேரை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தோம். கறந்த பால் வாளியில் இருக்க, மடியைத் தடவிப் பார்த்து மாடு வற்றிவிட்டது என்று எழுதிய கதை. வெளுத்த வேர் தோல்விக்கு அடையாளமில்லை; மணி வேலை செய்ததற்கு அடையாளம். அன்றிலிருந்து ஒவ்வொரு குடுவைக்கும் மூன்று எண்: வேரில் எவ்வளவு, ஊடகத்தில் எவ்வளவு, மணியில் எவ்வளவு. மூன்றையும் கூட்டிய பிறகுதான் பேச்சு.

இதோடு இன்னொரு ஓட்டையும் தெரிந்தது. வேரை நாங்கள் 60 டிகிரி அடுப்பில் காயவைத்தோம். அடுப்புத் தட்டை மூடியிருந்த அலுமினியத் தாளின் உட்பக்கம் மெல்லிய மஞ்சள் படலம். பிளம்பாஜின் ஆவியாகி மேலே போய்ப் படிந்திருக்கிறது. எவ்வளவு காற்றில் போனதோ. அதற்குப் பின் ஈரவேரையே எடைபோட்டு நேரடியாக மெத்தனாலில் அரைத்தோம். உலர் எடைக்குத் தனியாகக் கொஞ்சம் வேரை ஒதுக்கினோம். சரக்குக் கடைகளில் வேரை வெயிலில் பரப்பிக் காயவைக்கும்போது என்ன நடக்கிறது என்ற எண்ணம் அப்போது வந்தது. அண்ணனின் மூன்றாவது பை விறகாகிப்போனதில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

மூன்றாம் முயற்சி

இனி கறப்பதோடு தீனியும் போட்டுப் பார்ப்போம் என்று இறங்கினோம். செடியைப் பூச்சி கடித்தால் அது ஜாஸ்மோனேட் என்ற சமிக்ஞையை எழுப்பித் தற்காப்புப் பொருளைக் கூட்டும். மெத்தில் ஜாஸ்மோனேட்டை ஊடகத்தில் துளி கலந்தால் வேர், தன்னை எதுவோ கடிக்கிறது என்று நம்பிவிடும். ஜாஸ்மோனேட்டையும் பையையும் ஒரே நாளில் போட்டோம். பலன், பை மட்டும் போட்டதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இந்த முறை குழம்ப ஒரு வாரம் ஆகவில்லை. மெத்தில் ஜாஸ்மோனேட்டும் எண்ணெய்ச் சார்புள்ள பொருள். வேருக்குப் போய்ச் சேருமுன் மணி விழுங்கிவிட்டது. அடுத்த தொகுதியில் ஜாஸ்மோனேட்டைப் பன்னிரண்டாம் நாள் கொடுத்து, இரண்டு நாள் அவகாசம் விட்டு, பதினான்காம் நாள் பையை இறக்கினோம். பலன் தெரிந்தது.

அண்ணனும் ஒரு யோசனை கொண்டுவந்தார். இவ்வளவு பாடுபட்டு இறக்குமதி மணி எதற்கு, தேங்காய்ச் சிரட்டைக் கரி மலிவாகக் கிடைக்கிறதே, மீன் தொட்டிக்குப் போடுகிறார்களே என்றார். நியாயமான கேள்வி. நம் ஊரில் சிரட்டைக் கரிக்குப் பஞ்சமில்லை. போட்டுப் பார்த்தோம். ஊடகம் பளிங்கு மாதிரி ஆனது. மெத்தனாலில் இரவு முழுக்க ஊறவைத்தும் கரி எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. லேசாக மஞ்சள் தட்டியதோடு சரி. கரி பிடிப்பதில் கெட்டிக்காரன், விடுவதில் கஞ்சன். அதன் துளைகள் இன்னும் குறுகியவை, பிடிப்பும் இறுக்கம். குடிநீரைச் சுத்தம் செய்ய அது போதும், ஏனென்றால் பிடித்ததை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

துளையின் அகலம் இங்கே சும்மா ஒரு எண் அல்ல. கறாராகச் சொன்னால் 2 நானோமீட்டருக்குக் கீழே இருப்பதுதான் நுண்துளை, 2 முதல் 50 வரை இடைத்துளை, அதற்கு மேல் பெருந்துளை என்று வேதியியலார் வகுத்திருக்கிறார்கள். கரியில் பெரும்பாலும் முதல் வகை. எங்கள் மணியின் துளை இரண்டாம் வகையில், கீழ்முனைக்கு அருகில். பிளம்பாஜின் சின்ன மூலக்கூறு. போய்வரத் தாராளமான வாசல் அது. பூஞ்சைச் சாறு, புரதம் போன்ற பெரியவற்றைப் பிடிக்க வேண்டியிருந்தால் வேறு மணி தேட வேண்டியிருக்கும்.

இடைத்துளை சிலிக்காவையும் யோசித்தோம். 1992-இல் மொபில் நிறுவனத்தார் வெளியிட்ட எம்.சி.எம்.-41, 1998-இல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் வந்த எஸ்.பி.ஏ.-15 போன்றவை, தேன்கூடு போல ஒழுங்கான துளை வரிசை. அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகக் குழு இன்னும் ஒரு படி போய், மேற்பரப்பை மாற்றியமைத்த சிலிக்கா நுண்துகள்களை ரோம வேரின் செல்களுக்குள்ளேயே அனுப்பி, பொருளைச் சுமந்துகொண்டு வெளியே வரவைத்தது. வேரைக் கொல்லாமல் உள்ளிருந்தே கறக்கும் வித்தை. படிக்க ஆசையாக இருந்தது. ஆனால் மாவு போன்ற அந்தத் தூளைப் பிரிக்க எங்களிடம் தக்க சுழற்பிரிப்பான் இல்லை. தவிர, சும்மா சிலிக்காவின் மேற்பரப்பு தண்ணீரைத்தான் அதிகம் விரும்பும்; பிளம்பாஜினுக்கு ஏற்றபடி அதை மாற்றியமைக்க வேண்டும். விட்டுவிட்டோம். கடைவீட்டு மாடியில் ஆகிற காரியம் எது, ஆகாதது எது என்று தெரிந்திருப்பதும் ஒரு தொழில்நுட்பம்.

கணக்கு

கடைசித் தொகுதியைத் தீவிலேயே இன்னொரு கூடத்தில் கட்டணம் கட்டி, பொருளைப் பிரித்து அளவெடுக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் ஓட்டினோம். கைவசம் மூன்று மூன்று குடுவைகள்தான். அதை வைத்துக்கொண்டு தசம எண்களை அடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் திசை தெளிவு. பை போடாததோடு ஒப்பிட்டால், பை போட்ட குடுவையின் மொத்தப் பிளம்பாஜின் கண்ணால் பார்த்தே சொல்லும் அளவுக்குக் கூடியது. அதில் பாதிக்கு மேல் மணியில். முன்கூட்டி ஜாஸ்மோனேட் கொடுத்தபோது இன்னும் கொஞ்சம் ஏறியது. வேரின் எடை மட்டும் சற்றே குறைந்தது. தற்காப்புக்கு இறங்கிய வேர் வளர்ச்சியில் சிக்கனம் பிடிப்பது இயல்பு.

இதில் எனக்கு மிகப் பிடித்த லாபம் வேறு. பொருள் மணிக்கு வந்துவிட்டால் வேரை அரைக்கவே வேண்டாம். வேரை அரைத்தால் மாவுப்பொருள், சர்க்கரை, பழுப்புச் சாயம் எல்லாம் கலந்து வரும்; பிரிக்கப் பாதி நாள் போகும். மணியை ஆல்கஹாலில் கழுவினால் வருவது கிட்டத்தட்டச் சுத்தமான சரக்கு. மெத்தனாலைக் குறைந்த சூட்டில் இறக்கி, மிச்சத்தை ஹெக்சேனில் கரைத்துக் குளிர்பெட்டியில் வைத்தோம். மறுநாள் காலை பசியாறிவிட்டு வந்து திறந்தால், குப்பியின் அடியில் ஆரஞ்சு மஞ்சளில் ஊசி ஊசியாகப் படிகம். அக்கா கைபேசியில் பத்துப் படம் எடுத்தார். எட்டு மாத வேலை, ஒரு கரண்டி நுனியில் நிற்கும் அளவு.

அந்தக் கரண்டி நுனியோடுதான் அண்ணனைக் கூப்பிட்டோம். அவர் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார். கேட்ட முதல் கேள்வி: "வேர் எங்க?"

காட்டினோம். வெளுத்துப்போன ஒரு கொத்து. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவருடைய வாடிக்கையாளர்கள் சித்த மருத்துவர்கள். அவர்களுக்கு வேண்டியது வேர்ப்பட்டை, சுத்தி செய்து சூரணத்தில் சேர்க்க. பிளம்பாஜின் மட்டும் தனியாக இருந்தால் அது கொடிவேலி ஆகாது. மெத்தனாலில் கழுவி எடுத்ததை மருந்தில் சேர்க்க நானே விடமாட்டேன். எத்தனாலுக்கு மாறலாம், அப்போதும் அது வேர் இல்லை. கொரியாவில் ஜின்செங் வேரை 10,000 லிட்டர் தொட்டிகளில் வளர்க்கிறார்கள் என்றால், அங்கே மக்கள் சாப்பிடுவதே அந்த வேரைத்தான். கறந்து எடுத்தால் அவர்களுக்கு நஷ்டம். ஜப்பானில் மிட்சுயி பெட்ரோகெமிக்கல் 1980களில் ஷிகோனினை, நம் பிளம்பாஜினுக்கு ஒன்றுவிட்ட சகோதரனை, செல் வளர்ப்பில் எடுத்து உதட்டுச் சாயம்வரை கொண்டுபோனது என்றால், அங்கே வேண்டியது நிறப்பொருள் மட்டும். எங்கள் மணிப் பை இரண்டாவது வகை வாடிக்கையாளருக்கு. வந்திருந்தவரோ முதல் வகை. இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

செலவும் கைகொடுக்கவில்லை. சர்க்கரை, குளிர்சாதனம், இருபத்துநான்கு மணி நேரம் ஓடும் ஷேக்கர், மெத்தனால் எல்லாம் போட்டுப் பார்த்தால் ஒரு கிராம் படிகத்துக்கு ஆகும் ரிங்கிட்டில் அவர் மூட்டைக் கணக்கில் வேர் இறக்கலாம். மணியைப் பல தரம் கழுவிப் பயன்படுத்தலாம் என்பது மட்டும்தான் அந்தக் கணக்கில் இருந்த ஒரே ஆறுதல்.

அவர் எழுந்து கிளம்பினார். படி இறங்கப் போனவர் திரும்பி, "தம்பி, இந்த ஊசியும் என் மூட்டையில இருக்கிறதும் ஒண்ணுதானான்னு பார்க்க முடியுமா?" என்றார்.

முடியும். அதற்குக் கரண்டி நுனி தாராளம். படிகத்தில் ஒரு துணுக்கைக் கரைத்து சிலிக்கா பூசிய, கலவையைப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தகட்டின் முதல் கோட்டில் வைத்தோம். பக்கத்தில் அவருடைய மூன்று பைகளிலிருந்தும் ஒவ்வொரு சிட்டிகை வேரை மெத்தனாலில் ஊறவைத்து, ஒவ்வொரு புள்ளி. டொலுயீனில் ஓட்டினோம். கரைப்பான் மேலேறி நின்றதும் தகட்டை உலர்த்தி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைத் தெளித்தார் அக்கா. முதல் கோட்டில் ஊதாப் புள்ளி பளிச்சென்று எழுந்தது. முதல் பைக்கு அதே உயரத்தில் அதே ஊதா. இரண்டாவதில் மங்கலாக, சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. மூன்றாவது பையின் கோட்டில் அந்த உயரத்தில் எதுவுமே இல்லை.

அண்ணன் தகட்டைக் கேட்டு வாங்கி, செய்தித்தாளில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தச் சரக்கு ஏற்றியனுப்பியவருக்குப் படம் அனுப்பப் போவதாகச் சொன்னார். இப்போது மாதம் ஒருமுறை அவர் கடைப் பையன் புது மூட்டைகளிலிருந்து எடுத்த வேர்த் துண்டுகளைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டிக் கொண்டுவருகிறான். ஒப்பிட்டுப் பார்க்கும் படிகம் குறைந்தால் ஆறு குடுவை வைத்து, பதினான்காம் நாள் பையை இறக்குகிறோம்.